படியளப்பா, பங்கா? அதிகாரக் குவிப்பும் பயன் பகிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி அரசியல் கோட்பாடு படிக்கும் எங்கள் சிறு வட்டத்தில், எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "ஆட்சி ஓரிடத்தில் வலுவாக இருக்கட்டும், அதன் பலன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்று யாராவது கேட்பார். அந்தக் கேள்வியையும் அதன் கிளைக் கேள்விகளையும், அவற்றுக்கு எனக்குச் சரியென்று பட்ட விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வட்டத்தில் எல்லோரும் இவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர்.

இந்தக் கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது?

முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு மையத்தில் குவிந்திருக்க வேண்டும், ஆனால் அந்த மையம் திரட்டும் வருவாயும் பாதுகாப்பும் சேவையும் மக்கள் அனைவருக்கும் பரவ வேண்டும் என்பதே இதன் சாரம். இது ஒருவர் வகுத்த கோட்பாடு அன்று. 1651இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஹாப்ஸ் எழுதியபோது, குவிந்த அதிகாரம் பகிரும் முதன்மைப் பயன் அமைதி. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகாமல் இருப்பதற்காக மக்கள் தங்கள் உரிமைகளை ஒரு பேரரசிடம் ஒப்படைக்கிறார்கள் என்றார். ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார். 1878இல் சோசலிஸ்டுகளை ஒடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர், 1883இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டையும், 1884இல் விபத்துக் காப்பீட்டையும், 1889இல் முதியோர் ஓய்வூதியத்தையும் தந்தார். ஒரு கை வாயை மூடியது, மறு கை வயிற்றை நிரப்பியது.

நம்மிடமும் இதற்கு ஒரு பழைய வாசகம் உண்டு. "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு" என்கிறது 385ஆம் குறள். பொருள் வரும் வழியை உண்டாக்குவது, திரட்டுவது, காப்பது, வகுப்பது ஆகிய நான்கு வினைகளில் வகுத்தலைச் சேர்த்தது குறளின் பெருமை. அதே சமயம் நான்கு வினைகளுக்கும் எழுவாய் அரசுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். பெறுகிறவருக்கு அந்தக் குறளில் வினை எதுவும் இல்லை. நம் விவாதம் முழுவதும் அந்த விடுபட்ட வினையைப் பற்றியதுதான்.

அதிகாரக் குவிப்பு என்றாலே கொடுங்கோன்மைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சமூகவியலாளர் மைக்கேல் மான் 1984இல் அரச அதிகாரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மக்களிடம் கலந்து பேசாமலேயே ஆள்வோர் தாம் விரும்பியதைச் செய்யும் ஆற்றல் ஒன்று. எடுத்த முடிவைச் சமூகத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய் நிறைவேற்றும் ஆற்றல் மற்றொன்று. பழைய பேரரசர்களுக்கு முதலாவது ஏராளமாக இருந்தது. தலையை வாங்க ஆணையிட முடிந்தவர்களால், ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மைத் தடுப்பூசி போட முடிந்திருக்காது. இன்று வியாசர்பாடிச் சந்து ஒன்றில் இருக்கும் ரேஷன் கடையில், ஒரு பெண் விரல்ரேகை வைத்ததும் அவர் குடும்பத்துக்கு இந்த மாதம் இன்னும் எத்தனை கிலோ அரிசி மீதி என்பது கருவியில் தெரிகிறது என்றால், அது இரண்டாவது வகை ஆற்றலின் உச்சம். அரசு இவ்வளவு உள்ளே வந்து சேர்ந்திருப்பது நல்லதா என்று கேட்டால், அரிசி வரும் வரை நல்லதுதான் என்பார்கள். விரல்ரேகை பதியாத நாளில் அந்தப் பெண் யாரிடம் முறையிடுவார் என்பதில்தான் முதல் வகை அதிகாரத்தின் அளவு தெரியும்.

குவிந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஏன் பயனைப் பகிர வேண்டும்? பகிராமலே இருந்துவிடலாமே?

இதற்குப் பொருளியல் தரப்பிலிருந்து வந்த விடைகள் சற்று இரக்கமற்றவை. 1993இல் மான்கர் ஓல்சன் சொன்னது இது: ஊர் ஊராகச் சுற்றும் கொள்ளைக்காரன் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போவான்; ஓரிடத்தில் தங்கிவிட்ட கொள்ளைக்காரனுக்கோ அடுத்த ஆண்டும் அதே வயலிலிருந்து வசூலிக்க வேண்டியிருப்பதால், அவன் விதைநெல்லை விட்டுவைப்பான், வாய்க்காலும் வெட்டுவான். ஆட்சியின் பிறப்பே அதுதான் என்பது அவர் வாதம். யானை தானே புகுந்த நிலத்தில் அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்று சொல்லி, வரி கொள்ளும் முறையைப் பாண்டியனுக்கு எடுத்துரைத்த புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் இதற்குத் தலையசைத்திருப்பார்.

2003இல் அரசியல் அறிஞர் புருஸ் புயேனோ டி மெஸ்கீட்டாவும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் இன்னொரு கணக்கைச் சேர்த்தார்கள். ஆட்சியாளர் பதவியில் நீடிக்க எத்தனை பேரின் ஆதரவு தேவை என்பதே பகிர்வின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றார்கள். சிலரது ஆதரவு போதுமென்றால், அந்தச் சிலருக்கு ஒப்பந்தமும் பதவியும் தனித்தனியாகக் கொடுத்தால் தீர்ந்தது. கோடிக்கணக்கானவர்களின் ஆதரவு வேண்டுமென்றால் அப்படித் தனித்தனியாகக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று பொதுவில்தான் செலவிட்டாக வேண்டும். பரிமாறுகிறவன் தன்னவனாக இருந்தால் கடைப்பந்தியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்று நம் கல்யாண வீடுகளில் சொல்வதுண்டு. இவர்களின் கோட்பாடு அந்தப் பழமொழியின் மறுபக்கம்: பந்தி முழுவதுமே தன்னைப் பரிமாற வைத்தவர்கள் என்றாகிவிட்டால், பரிமாறுகிறவன் கடைசி இலை வரை போயே தீர வேண்டும்.

பங்கு, படியளப்பு என்று நீங்கள் வேறுபடுத்துவது எதை?

கிராமத்தில் நிலக்கிழார் பண்ணையாளுக்கு நெல் அளந்து போடுவதைப் படியளப்பது என்பார்கள். அளவு கூடலாம், குறையலாம், மனம் நிறைந்த ஆண்டில் தாராளமாகவும் இருக்கலாம். ஆனால் மரக்கால் எப்போதும் அவர் கையில்தான். உடன்பிறந்தவர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது கிடைப்பது பங்கு. அதில் கிடைப்பது குறைவாகவே இருக்கட்டும், கொடுப்பவர் தன் விருப்பப்படி அதைக் குறைக்க முடியாது, குறைத்தால் கேட்க வழியும் உண்டு. என் வாதம் இவ்வளவுதான்: அதிகாரக் குவிப்பை ஆதரிப்பவர்கள் பயன் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டுகிறார்கள்; அளவை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வரிப் பகிர்வு. அரசமைப்பின் 280ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் நிதிக்குழு, ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கிறது. 14ஆம் நிதிக்குழு 42 சதவீதம் என்றது. 15ஆம் நிதிக்குழு 41 சதவீதம் என்றது. இதுவரை பங்குதான். ஆனால் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனி வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் வரி) என்ற பெயரில் வசூலாகும் தொகை, மாநிலங்களோடு பகிர வேண்டிய இந்தத் தொகுப்புக்குள் வராது. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் மீது ஒன்றிய அரசு விதித்த வரி 32 ரூபாய் 90 காசு; அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை உற்பத்தி வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. சதவீதத்தைத் தொடாமலேயே, எந்தப் பணத்தின் மீது அந்தச் சதவீதம் என்பதை மாற்றிவிட முடிகிறது. சட்டத்தில் பங்காக எழுதப்பட்டது நடைமுறையில் படியளப்பாக நழுவுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாடு கட்டும் வரி வேறு மாநிலங்களுக்குப் போவதே அநியாயம் இல்லையா?

இங்கே நம் பக்கத்தினரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பகிர்வுத் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆம் நிதிக்குழுவில் 4.969 சதவீதமாக இருந்து, 14ஆவதில் 4.023ஆகக் குறைந்து, 15ஆவதில் 4.079 ஆனது. 15ஆம் குழுவின் அளவுகோல்களில் தலா வருமான இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தலா வருமானம் பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 சதவீத எடை தரப்பட்டது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது அதனால்தான். சென்னையிலும் அதைச் சுற்றிய தொழிற்பகுதிகளிலும் திரளும் வரியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் செலவிடுவதை நாம் நியாயம் என்கிறோம் என்றால், அதே நியாயம் மாநில எல்லையில் வந்து நின்றுவிடாது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே இழக்கக் கூடாது என்பது வேறு வாதம், வலுவான வாதம்; 15ஆம் குழு அதற்கென 12.5 சதவீத எடையை ஒதுக்கியது போதுமா என்று சண்டை போடலாம். கொடுக்கவே கூடாது என்பதற்கும், கொடுக்கும் விகிதத்தை எங்களையும் வைத்து முடிவு செய்யுங்கள் என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த இராஜமன்னார் குழுவிலிருந்து இங்கே எழுந்த மாநில சுயாட்சிக் குரலின் நல்ல பகுதி இரண்டாவதைத்தான் கேட்டது.

சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் மாநிலங்களுக்கும் ஓட்டு இருக்கிறதே. அது கூட்டு அதிகாரம் இல்லையா?

வடிவத்தில் கூட்டு அதிகாரம்தான். அரசமைப்பின் 279ஏ பிரிவின்படி அங்கே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடை. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் ஒன்றிய அரசு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி பாராட்டத்தக்கது. 2017 ஜூலையில் இந்த வரி வந்தபோது, மாநிலங்களின் வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று கொண்டு, குறைவதை ஐந்தாண்டுகளுக்கு ஈடு செய்வதாகத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் வசூல் சரிந்து, ஈடு எப்படிக் கொடுப்பது என்ற தகராறு முற்றியபோது, மாநிலங்கள் கையில் அந்தச் சட்டம் இருந்தது. கடைசியில் அந்த நிதியாண்டில் 1.1 லட்சம் கோடி ரூபாயை ஒன்றிய அரசே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. வெறும் வாய்மொழி உறுதியாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுவார்த்தை எப்படி முடிந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் உள்ளூர் ஆதிக்கச் சாதியின் கையில் அல்லவா போய்ச் சேரும்?

எங்கள் வட்டத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான், இதற்கு எளிய விடை கிடையாது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகக் கண்டார். கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ந்தார். அவர் மிகைப்படுத்தவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தலை நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. நடத்த வைத்தது மேலிருக்கும் அரசு.

ஆகவே, அதிகாரம் கீழே இருப்பதனாலேயே நல்லது என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன். தலைவர் பதவியை ஒதுக்கியது சட்டம், அதாவது மையம். அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் உள்ளூர்க்காரர். மையம் தன் வலிமையை உள்ளூரில் நசுக்கப்பட்டவர் பேசுவதற்கு இடம் உண்டாக்கப் பயன்படுத்தினால், அது குவிப்பின் நியாயமான பயன்பாடு. உள்ளூர்க்காரர் எவரும் பேச வேண்டியதில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதே வலிமை சொல்லத் தொடங்கினால், அம்பேத்கரின் வாதத்தை அதற்குத் துணைக்கு இழுக்கக் கூடாது.

மதிய உணவுத் திட்டம் ஒரு வலுவான மாநில அரசால்தானே சாத்தியமானது?

பாதி உண்மை. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோகாவிட்டால் அந்தச் சோறு இத்தனை தட்டுகளுக்கு வந்திருக்காது. ஆனால் அது முளைத்த இடம் வேறு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிச் சில பள்ளிகளுக்கு விரிவாக்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றுபோனது. ஒரு நகராட்சி மன்றத்தின் சிறு துணிச்சல், மேலே இருந்தவரின் ஒரு மறுப்பில் அணைந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு மேலிடத்தின் கையால் மீண்டும் எரிந்தது. பரப்புவதற்குப் பெரிய கை வேண்டும். முதலில் செய்து பார்க்க, தன் பணத்தைத் தானே செலவிடும் உரிமையுள்ள ஒரு சிறிய கை வேண்டும்.

டெல்லியிடம் சுயாட்சி கேட்கும் தமிழ்நாடு, சென்னைக்கு அதைத் தருகிறதா?

மனசாட்சியோடு சொன்னால், மிகக் குறைவாகவே தருகிறது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996 வரை, அதாவது 23 ஆண்டுகள், தேர்தல் இல்லாமல் கிடந்தது. மறுபடியும் 2016 முதல் 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே இல்லை. 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டுகள் கொண்ட நகரத்தை, அதன் பிறகு வந்த பதினோரு ஆண்டுகளில் பாதிக் காலம் அதிகாரிகள் மட்டுமே நடத்தினார்கள். நகரம் நின்றுவிடவில்லை, குப்பை அள்ளினார்கள், சாலை போட்டார்கள். பயன் வந்ததே என்று கேட்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

தேர்தல் நடந்த காலத்திலும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் கையில் என்ன இருக்கிறது? குடிசை மாற்று வாரியத்தை 1970இலும் குடிநீர் வாரியத்தை 1978இலும் மாநில அரசு தனி அமைப்புகளாக்கியது. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது பெருநகர வளர்ச்சிக் குழுமம், பேருந்து மாநிலப் போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி ஆணையரோ மாநில அரசு நியமிக்கும் ஐஏஎஸ் அதிகாரி. 1992இல் வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. தரலாம் என்ற அந்தச் சொல்லுக்குள் மாநிலங்கள் சுகமாகக் குடியிருக்கின்றன. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு பகிர்கிறது. ஒன்றியம் 41 தருவது போதாது என்கிற நாம், இந்தப் பத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

சிங்கப்பூரைப் பார்த்தாவது ஒப்புக்கொள்ளக் கூடாதா?

சென்னையில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. 1959 முதல் ஒரே கட்சி ஆட்சி, அரசே கட்டிய வீடுகளில் பெரும்பான்மை மக்கள், சுத்தமான தெருக்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கும் 2011 தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 60.1 சதவீதமாகச் சரிந்த பிறகு வீடு கட்டும் வேகம் மேலும் கூடியது, முதியோருக்குப் புதிய மருத்துவ உதவித் திட்டம் வந்தது. அந்த ஆட்சியையும், பதவியை இழக்கும் அச்சம்தான் கடைசி இலை வரை நடக்க வைத்தது.

பயனைப் பகிர்வது பற்றியே பேசுகிறீர்கள். சுமை?

இந்தக் கோட்பாட்டின் பலவீனமான மூட்டு இது. பயனைப் பட்டியலிடும் எந்த அரசாணையும் சுமையைப் பட்டியலிடுவதில்லை. எண்ணூரின் அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் மின்சாரம் நகரத்தின் எல்லாப் பகுதி வீடுகளையும் குளிரூட்டுகிறது, சாம்பலோ எண்ணூர்க் கழிமுகத்தில் தங்குகிறது. வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கும் போயின. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, காங்கிரீட் கூரை, கழிவறை எல்லாம் உண்டு. ஆனால் வேலை செய்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயின. வீடு என்ற பயன் பகிரப்பட்டது, எங்கே என்ற முடிவு பகிரப்படவில்லை. அந்த வீட்டை மறுத்துவிட்டு ஆற்றங்கரையிலேயே இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் அங்கே குடியேறப் போகிறவர்கள் இருந்திருந்தால், வரைபடத்தில் விரல் வேறு இடத்தில் வைக்கப்பட்டிருக்கும்.

பணத்தை நேரடியாக மக்களின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், இடையில் உள்ளாட்சி எதற்கு?

கையில் வரும் பணத்துக்குத் தனி மரியாதை உண்டு; அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு உரிமைத் தொகை என்று பெயரிட்டது நல்ல அரசியல். பெயரில் உள்ள உரிமை, சட்டப் புத்தகத்திலும் ஏறினால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயிலிருந்து 1982 முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்கு தருகிறது. அதை அசைக்கவே முடியாது என்று எல்லோரும் நம்பியிருக்க, 2016இல் ஆளுநர் அந்தத் தொகையைப் பாதியாக வெட்டினார். மறு ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பங்கு என்று பெயர் சொல்லி வந்தது படியளப்புதான் என்பது அன்றுதான் தெரிந்தது. தவிர, ஆயிரம் ரூபாயால் மழைநீர் வடிகால் வாங்க முடியாது. சேர்ந்து மட்டுமே பெறக்கூடிய பொருள்களுக்குச் சேர்ந்து முடிவெடுக்கும் இடம் ஒன்று வேண்டும்.

உத்திரமேரூர்க் குடவோலை முறையை இதற்கு விடையாகச் சொல்லலாமா?

விடையாகச் சொல்ல முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப்பிரிவுகளிலிருந்து) வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. ஆனால் அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள்.

பங்குக்கும் படியளப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னையில் நேரில் எங்கே பார்க்கலாம்?

உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில். 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைந்தன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர், மற்ற உறுப்பினர்கள் தேர்தலில் வென்று வருபவர்கள் அல்லர். குறைகள் பல உண்டு, ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் தெருவிளக்கு கேட்டார்கள், கொசுமருந்து கேட்டார்கள், தோண்டிய பள்ளத்தை மூடச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் அலுவலர் குறித்துக்கொண்டார், இரண்டு மூன்று உடனே நடக்கவும் செய்தன. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, இந்த வார்டுக்கு இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு வந்தது, எந்தெந்த வேலைக்கு என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் அம்மா என்றார் அலுவலர். அந்தக் கேள்வியை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா உட்காரவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.